மையவாடிக்கு எவ்வளவு தூரம்?

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் எங்கட கரையோரத்தில், ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் எண்டால் அந்த வீடு எப்படி மாறும் என்று எல்லாருக்கும் தெரியும். சத்தம் குறையும். தூரத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி போகும். தலைமாட்டில் யாராவது யாசீன் ஓதுவார்கள், காதருகே மெதுவாகக் கலிமா சொல்லிக் கொடுப்பார்கள், உதடு காயாமல் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். கத்தோலிக்க வீடு எண்டால் சுவாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுப்பார். மௌத்தான பிறகு குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுவித்து, மண்ணில் வைக்கிற வரைக்கும் எல்லாம் ஒரே வேலைதான். பராமரிப்பு எங்கே முடிகிறது, சடங்கு எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரும் கோடு போடுவதில்லை.

மருத்துவமும் இதைக் கிட்டத்தட்ட ஒத்துக்கொள்கிறது. பாலியேட்டிவ் கெயார் என்கிற வலிதணிப்புப் பராமரிப்பு உடல் வலியை மட்டும் பார்ப்பதில்லை. நோயாளியின் மனப் பயத்தையும் நம்பிக்கையையும் குடும்பத்தின் துக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையும் இதற்கென்று 2019 முதல் 2023 வரைக்கான ஒரு தேசியக் கட்டமைப்பைத் தயாரித்தது. அந்தக் கட்டமைப்பின் இரண்டாவது வருடத்தில்தான் கொரோனா வந்தது.

2020 மார்ச் 24 இல் வெளியிட்ட வழிகாட்டலில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருந்தது: தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது ஒரு தவறான நம்பிக்கை, புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம். மார்ச் 27 இல் இலங்கைச் சுகாதார அமைச்சின் வழிகாட்டலும் அடக்கம் செய்ய இடம் கொடுத்தது. மார்ச் 30 இல் நீர்கொழும்பில் முதலாவது முஸ்லிம் மரணம். அந்த ஜனாஸா எரிக்கப்பட்டது. அடுத்த நாளே வழிகாட்டல் மாறியது, எரிப்பது மட்டும்தான் என்று. ஏப்ரல் 11 ஆம் திகதி அது வர்த்தமானியிலும் ஏறியது. முதலில் எரித்துவிட்டுப் பிறகு விதியை எழுதியதை அந்த இரண்டு வாரத் திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே விளங்கும்.

சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். புதைத்தால் கிருமி நீரில் கலக்குமாம். இதைக் கேட்டு எங்கட ஊர்ச் சனங்கள் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 2017 ஏப்ரலில் கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 32 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு தலைநகரின் குப்பையைக் கொட்டத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் புத்தளத்தின் அருவாக்காடு, சுண்ணாம்புக்கல் தோண்டிய பழைய குழிகள். களப்பு பக்கத்தில் இருக்கிறது, எங்கட கிணறு என்னாகும் என்று 2018 இல் சனங்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். ஆம்பிளை, பொம்பிளை, பள்ளிப் பிள்ளை என்று எல்லாரும். அப்போது நிலத்தடி நீர் அரசாங்கத்துக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து ஆறடிக் குழியில் வைக்கிற ஒரு மையித்துக்காக மட்டும் அது தேசியப் பிரச்சினையானது!

எரித்தது பெரிய அநியாயம். ஆனால் அது மரணத்துக்கு முன்பே வேலை செய்யத் தொடங்கியதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. மூச்சு முட்டுகிற ஒரு முதியவருக்கு ஆஸ்பத்திரி என்பது ஒட்சிசன் கிடைக்கிற இடம். அங்கே போய் மௌத்தானால் நெருப்புத்தான் என்று தெரிந்த பிறகு அதே ஆஸ்பத்திரி வேறு இடமாகிவிடுகிறது. போகவே பயந்தவர்கள் இருந்தார்கள். போனவர்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத வார்டில், நோயோடு இந்தப் பயத்தையும் சேர்த்துச் சுமந்தார்கள். சாகப்போகிறவருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச நிம்மதியை ஒரு வர்த்தமானி எடுத்துக்கொண்டது.

2020 டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் எரிப்புக்கு எதிரான மனுக்களைக் காரணம் எதுவும் கூறாமல் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரமே, பெற்றோர் சம்மதிக்காத நிலையிலும், பிறந்து 20 நாளான ஒரு குழந்தை கொழும்பில் எரிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கஃபன் துணி. முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை, எல்லாச் சமயத்தவரும் வந்து கட்டினார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். போன் திரையில் அந்த வேலியைப் பார்த்துத்தான் எங்களில் பலருக்கு அரசியல் என்ற சொல்லே விளங்கத் தொடங்கியது.

புத்தளத்துக்கு இது இன்னும் ஆழமாக வலித்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் வந்து தங்கியது இங்கேதான். வீடு, காணி, கடை போனதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். கூடவே உம்மா வாப்பாவின் கபுறுகளும் அங்கே தங்கிவிட்டன. பிறந்த மண்ணில் அடங்கக் கிடைக்காதவர்களுக்குப் புத்தளத்து மையவாடி இடம் கொடுத்தது. முப்பது வருடம் கழித்து அதையும் தர முடியாது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

2021 பெப்ரவரி 25 இல், பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன மறுநாள், அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது. ஒரு நிபுணர் குழு அதற்கு முன்பே இரண்டு முறையும் பாதுகாப்பானது என்று சொல்லியிருந்தது. ஆனாலும் ஊர் மையவாடி கிடைக்கவில்லை. முதலில் இரணைதீவு என்றார்கள். 1992 இல் இடம்பெயர்ந்து 2018 இல்தான் போராடித் திரும்பி வந்த தமிழ் மீனவர்களின் தீவு அது. எங்களைக் கேட்காமல் ஏன் என்று அவர்கள் எதிர்த்தார்கள். இரண்டு அடிபட்ட சமூகங்களை மையித்தை நடுவில் வைத்து மோதவிடுகிற வேலை, வேறென்ன. கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி. மார்ச் 5 இல் தொடங்கியது. இராணுவ மேற்பார்வை, குடும்பத்தில் சிலருக்கு மட்டும் அனுமதி.

ஒரு வருடத்தில் அங்கே 3,634 பேர் அடக்கம் செய்யப்பட்டார்கள். முஸ்லிம்கள் 2,992, இந்துக்கள் 287, பௌத்தர்கள் 270, கிறிஸ்தவர்கள் 85. மண்ணைக் கேட்டது ஒரு சமூகம் மட்டும் என்று நினைத்தவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அரசாங்கமே சொன்னது. அடக்கமா எரிப்பா என்பதை இறந்தவரோ உறவினரோ தீர்மானிக்க ஒரு சட்டம் கொண்டுவரப்படும் என்றும் சொன்னார்கள். அந்த 276 குடும்பங்களுக்குப் போய் நின்று துஆ கேட்க ஒரு கபுறு இல்லை. ஓட்டமாவடியில் அடங்கியவர்களுக்குக் கபுறு இருக்கிறது. ஆனால் கற்பிட்டியில் இருக்கிற ஒரு மகன் வாப்பாவை ஸியாரத் செய்ய வேண்டுமென்றால், மேற்குக் கரையில் பஸ் ஏறி, தீவைக் குறுக்கே கடந்து, கிழக்குக் கரையில் இறங்க வேண்டும்.