வெண்கலத்தில் நின்ற உழைப்பு

மயிலாப்பூரிலிருந்து டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், அச்சாலை கடற்கரையை அடையுமிடத்தில் காந்தியடிகளின் சிலையைக் காண்பர். அங்கிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில் நடந்தால், வாலாஜா சாலை வந்து சேருமிடத்துக்கருகே, நான்கு மனிதர் ஒரு பெரும்பாறையைப் பெயர்த்துத் தள்ளும் உழைப்பாளர் சிலை நிற்கிறது. இரண்டையும் படைத்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இரண்டும் நிறுவப்பட்ட ஆண்டு 1959. நாள்தோறும் நம் இளைஞர் கடந்து செல்லும் இச்சிலைகளின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ராய் சௌத்ரி 1899இல், இன்று வங்காள தேசத்தில் உள்ள ரங்கப்பூர்ப் பகுதியில் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இந்நகரே அவருடைய பணிக்களமாயிற்று.

அப்பள்ளியின் முன்வரலாறும் கருதத்தக்கது. 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் அதனைத் தொடங்கினார். மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம் முதலிய கைத்தொழில்களுக்கு அங்கே முதலிடம் இருந்தது. 1898இல் ஆல்பிரட் சாட்டர்ட்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை அங்கேதான் தொடங்கி வைத்தார். நம் இல்லங்களில் கஞ்சி காய்ச்சிய அலுமினியப் பானைக்கும் கடற்கரையின் வெண்கலச் சிலைக்கும் இவ்வகையில் ஓர் உறவு உண்டு.

வெண்கலச் சிலை ஒருவர் கையால் மட்டும் உருவாவதன்று. சிற்பி முதலில் இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் களிமண்ணால் உருவத்தைச் செய்கிறார். அதன்மேல் சாந்து பூசி அச்சு எடுக்கப்படுகிறது. அவ்வச்சில் மெழுகுப் படிவம் எடுத்து, அதனைச் சுற்றி மண்கூடு கட்டிச் சூளையில் சுடுவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில், செம்பும் வெள்ளீயமும் கலந்து சுமார் 1,000 டிகிரி வெப்பத்தில் உருக்கிய உலோகம் வார்க்கப்படும். பெரிய சிலைகளைப் பகுதி பகுதியாக வார்த்து இணைப்பதும் உண்டு. மண் பிசைவோர், உலை ஊதுவோர், அராவி மெருகிடுவோர் எனப் பலரது உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது.

பிரமுகர்கள் வேண்டியபடி உருவச்சிலைகள் செய்து கொடுப்பது அக்காலச் சிற்பிகளின் வாழ்க்கைத் தொழில். ராய் சௌத்ரியும் அவ்வாறு பல செய்தார். ஆனால் அவர் புகழ் அதனோடு நிற்கவில்லை. 1942 ஆகஸ்ட் 11ஆம் நாள் பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்ற முயன்று சுடப்பட்டு மாண்ட ஏழு மாணவர்க்கு அவர் அமைத்த நினைவுச் சின்னம் 1956இல் திறக்கப்பெற்றது. 1936 நவம்பர் 12 அன்று வெளியான திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தையும் அவர் புடைப்புச் சிற்பமாக்கினார். கோயில் வாயில் மறுக்கப்பட்ட மக்களுக்கு அவ்வாயில் திறந்த நிகழ்ச்சி அது. எனவே நம் வரலாற்றின் ஓர் ஏடு அச்சிற்பம். புதுதில்லியில் உள்ள தண்டி யாத்திரைச் சிலைத்தொகுதியும் அவர் படைப்பே. 1975இல் அவர் மறைந்த பின்னரே அது நிறுவப்பெற்றது.

உழைப்பாளர் சிலையின் பெருமையை உணர, அதற்கு முன் இந்நகரில் யார் யாருக்குச் சிலை இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1839இல் குதிரைமீது மன்றோ நின்றார். 1861இல் மவுண்ட் ரோட்டில் படைத்தலைவன் நீல் நின்றான். 1927இல் மக்கள் அதனை எதிர்த்துப் போராடினர். 1937இல் அச்சிலை அகற்றப்பட்டது. ஆளுநரும் தளபதியும் நின்ற ஊரில், அரைத்துணி உடுத்த நால்வர் 1959 சனவரி 25ஆம் நாள் பீடமேறினர். அவர்கள் யாரையும் வணங்கி நிற்கவில்லை. நரம்பு புடைக்கத் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றனர்.

இந்தியாவில் முதல் மே நாள் 1923இல் சிங்காரவேலரால் கொண்டாடப்பட்டதும் இச்சென்னைக் கடற்கரையில்தான். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். அக்காலத்தின் இறுதியில்தான், 1946இல், தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பெற்று, ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வேலைநேரம் வாரத்துக்கு 48 மணியாகக் குறைந்தது. இவற்றையெல்லாம் நினைந்து பார்ப்போர்க்கு அச்சிலை வெறும் அழகுப் பொருளாகத் தோன்றாது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. சிலை செய்தவரின் பெயரை நாடறியும். பாறை பெயர்க்கும் நால்வர்க்கோ பெயரில்லை. கல் சுமந்தும் மண் வெட்டியும் இந்நகரை எழுப்பிய நம் பாட்டன் பாட்டியரின் நிலையும் அதுவே. உழைப்பைப் போற்றிச் சிலை வைத்தால் மட்டும் உழைப்பவரின் வாழ்வு உயர்ந்துவிடாது. கல்வியும் அவர் கைக்கு வரவேண்டும்.

அதற்கு வழி உண்டு என்பதற்கு மயிலாப்பூரே சான்று. அங்கே 1919இல் பிறந்த எஸ். தனபால், ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்து ஓவியம் கற்றார். பின் சிற்பத்துக்குத் திரும்பினார். அங்கேயே ஆசிரியராகி, முதல்வராகவும் உயர்ந்தார். பெரியாரின் உருவத்தையும் சிலையாக வடித்த அவர் 2000இல் மறைந்தார். அப்பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக எழும்பூர்ப் பகுதியில் நடைபெற்று வருகிறது.

இளைஞர்களே! மருத்துவமும் பொறியியலும் மட்டுமே கல்வி என்று எண்ணிவிடாதீர். வரைகோலும் உளியும் உலையும் கல்வியே. பாறையைப் பெயர்க்கும் வலிமை நம் தோள்களுக்குப் புதிதன்று. அப்பாறையில் உருவத்தைக் காணவும், கண்ட உருவத்தை உலோகத்தில் வார்க்கவும், வார்த்ததன் அடியில் தம் பெயரைப் பொறிக்கவும் வல்லவர்கள் நம்மிடையே எழ வேண்டும். கடற்கரைக்குச் செல்லும்போது அந்நால்வர் முன் சற்றே நில்லுங்கள். அவர்கள் நம்மவர்.