வசைமொழி பேசிய குருவும் அவரைக் காத்த தீர்ப்பும்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஓர் அரங்கினுள் 800-க்கும் மேற்பட்டோர் குழுமியிருந்தனர். பேச வந்தவர் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு ஆர்தர் டெர்மினியெல்லோ. அப்போது அவர் தம் ஆயரால் குருத்துவப் பணியினின்று இடைநிறுத்தம் செய்யப்பட்டிருந்தார். வெளியே ஏறத்தாழ 1,000 பேர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். காவலர் அணிவகுத்து நின்றும் கற்கள் பறந்தன. சாளரக் கண்ணாடிகள் நொறுங்கின.

உள்ளே அவர் பேசியதைப் படிக்கையில், அதே திருப்பணியில் இருக்கும் எனக்கு நாணமே மிஞ்சுகிறது. வெளியே நின்றோரை இழிமொழிகளால் ஏசினார். யூதர்களைப் பொதுவுடைமைச் சதியோடு பிணைத்துப் பழித்தார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் கதவுகள் திறக்கப்பட்டு ஓராண்டே கடந்திருந்த வேளை அது!

நகரச் சட்டத்தின்படி பொது அமைதியைக் குலைத்ததாக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தொகை சிறிதுதான். ஆனால் விசாரணை நீதிபதி நடுவர் குழுவுக்குத் தந்த விளக்கம் ஒன்று பெரும் கேள்வியை எழுப்பிற்று. மக்களைச் சினங்கொள்ளச் செய்கின்ற, வாதத்தைத் தூண்டுகின்ற, அமைதியின்மையை விளைவிக்கின்ற பேச்சும் அமைதிக் குலைவே என்றார் அவர்.

1949 மே 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தண்டனையை நீக்கியது. பேச்சு நல்லதென்று எவரும் கூறவில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி டக்ளஸ், விவாதத்தைக் கிளறுவதே பேச்சுரிமையின் பணிகளுள் ஒன்று என்றும், கேட்போர் சினங்கொள்கின்றனர் என்பதற்காக மட்டும் அதைத் தண்டிக்க இயலாது என்றும் கொண்டார்.

மறுத்து எழுதியவர்களுள் நீதிபதி ராபர்ட் ஜாக்சனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நூரம்பர்க்கில் நாத்சித் தலைவர்கள்மீது அமெரிக்கத் தரப்பில் வழக்கு நடத்தியவர் அவர். தெருக்களைக் கைப்பற்றும் வெறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆவணம் ஆவணமாகக் கண்டவர். நடைமுறை அறிவு கலவாத உரிமைக் கோட்பாடு நாட்டைத் தற்கொலைக்கே இட்டுச்செல்லும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்துக்கு முழுமையான விடை என்னிடமும் இல்லை.

எனினும், கேட்போரின் சினத்தை அளவுகோலாக்கினால் அடி யார்மீது விழும்? 1949 மார்ச்சில் சிரக்கியூஸ் நகரின் தெருவொன்றில் இர்விங் ஃபைனர் என்ற மாணவர் பேசினார். கறுப்பின மக்கள் சம உரிமைக்காகக் கிளர்ந்தெழ வேண்டும் என்றார், அரசுத்தலைவரையும் சாடினார். கூடியிருந்தவர்களுள் ஒருவர் வன்முறையில் இறங்கப்போவதாக மிரட்டினார். காவலர் கைது செய்ததோ பேசியவரை! 1951-இல் அதே உச்ச நீதிமன்றம் அவருடைய 30 நாள் சிறைத்தண்டனையை உறுதிசெய்தது. வெறுப்பைப் பேசிய குரு தப்பினார். சமத்துவம் பேசிய மாணவர் அகப்பட்டார்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1961 மார்ச் 2 அன்று, தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் கறுப்பின மாணவர்கள் ஓர் ஆலயத்தில் கூடி, அங்கிருந்து சட்டமன்ற வளாகத்துக்கு நடந்தனர். நிறவெறிச் சட்டங்களை எதிர்ப்பதே அவர்களது நோக்கம். 15 நிமிடங்களில் கலைந்து செல்ல ஆணையிடப்பட்டபோது தேசியப் பாடலையும் பக்திப் பாடல்களையும் பாடினர். 187 பேர் அமைதியைக் குலைத்த குற்றவாளிகளென அறிவிக்கப்பட்டனர். 1963-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உடைத்தபோது, சான்றாக எடுத்துக்கொண்ட முன்வழக்குகளுள் முதன்மையானது டெர்மினியெல்லோ வழக்கு. சிகாகோவில் அந்த 100 டாலர் அபராதம் நிலைத்திருந்தால், கொலம்பியாவில் அம்மாணவர்களின் கையில் என்ன இருந்திருக்கும்?

ஆயர் அவரை இடைநிறுத்தியதையும் அரசு தண்டித்ததையும் நம்மில் சிலர் ஒன்றாகவே எண்ணக்கூடும். அவை ஒன்றல்ல. திருச்சபையின் பெயரால் பேச ஒருவருக்குத் தகுதி உண்டா என்று தீர்ப்பது ஆயரின் பொறுப்பு. நாட்டில் வாய் திறக்க அவருக்கு உரிமை உண்டா என்பது வேறு வினா. முதலாவதில் கண்டிப்பாக இருந்துகொண்டே இரண்டாவதில் பொறுமை காக்கலாம். சொல்லப்போனால், முதலாவதை நாம் தட்டிக்கழித்தால்தான் இரண்டாவதில் அரசின் பிரம்பைத் தேடுகிறோம்.

யூதர்மீது கிறிஸ்தவர் வாயிலிருந்தே வந்த வெறுப்புக்கு மறுமொழி கூறும் கடமை நீதிமன்றத்துக்கு அன்று, நமக்கே இருந்தது. எக்காலத்தில் எவரால் காட்டப்பட்டதாயினும் யூதருக்கு எதிரான பகைமையை வருந்திக் கண்டிப்பதாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏட்டில் எழுதியது 1965 அக்டோபர் 28 அன்று. சிகாகோவில் கண்ணாடிகள் நொறுங்கிய இரவு கழிந்து அதற்குள் 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.