தீப்பெட்டி ஊரும் கூரை மாத்துற கதையும்

விம்கோ நகருக்குப் பேர் குடுத்ததே ஒரு தீப்பெட்டிக் கம்பெனிதான். ஸ்வீடன்காரங்க 1923-ல ஆரம்பிச்ச வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமா விம்கோ. பேர்ல மேற்கு இந்தியா, ஆலை நம்ம திருவொற்றியூர்ல! சுத்துவட்டாரத்துல ஓலைக் குடிசைக்கும் பஞ்சம் இல்லை. தீக்குச்சியும் ஓலையும் பக்கத்துப் பக்கத்துல.

எங்க வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாத்தணும்னு கிளம்பினப்போதான் கூரைகளோட சரித்திரத்தைக் கொஞ்சம் நோண்டினேன்.

ஓலைக்கு அடுத்த படி ஓடு. 1865-ல மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க ஓட்டு ஆலை ஆரம்பிச்சாங்க. அதான் சீமை ஓடு. பழைய ஓட்டுல 1865-னு முத்திரை பாத்துட்டு "நம்ம வீடு அப்போ கட்டினது"ன்னு பெருமைப்படாதீங்க, அது ஆலை தொடங்கின வருஷம். வசதி இருந்தவங்க போட்டது மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டம், மேல குறுக்கா அடுக்கின சின்ன செங்கல், சுண்ணாம்பு, கடைசியா தட்டோடு. ராயபுரம் பக்கம் பழைய வீடுகள்ல இன்னும் பாக்கலாம்.

அப்புறம் வந்தது ஷீட். 1900 வாக்குல ஆஸ்திரியாவுல லுட்விக் ஹாட்செக்னு ஒருத்தர் சிமெண்டையும் கல்நாரையும் கலந்து கண்டுபிடிச்ச சமாச்சாரம். விலை கம்மி, உப்புக்காத்துல துரு பிடிக்காது, தீப்பிடிக்காது. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடத்துல ஓலைக் கூரை எரிஞ்சு 94 குழந்தைகள் போனாங்களே... அதுக்கப்புறம்தான் பள்ளிகள்ல ஓலையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டுச்சு. அந்தத் தீயை நினைச்சா ஷீட் போட்டவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனா ஷீட்டுக்குள்ள இருக்குற கல்நார் பொல்லாதது. சும்மா கிடக்குற வரைக்கும் பெரிசா தொல்லை இல்லை, உடைச்சா தூசி. நுரையீரலுக்குள்ள போனா இருபது முப்பது வருஷம் கழிச்சுக்கூட புற்றுநோயா வரலாம். எல்லா வகைக் கல்நாரும் ஆபத்துன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல முழுசா தடை பண்ணிடுச்சு. இங்க தொழிலாளர் பாதுகாப்புக்கு 1995-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு, ஷீட்டுக்குத் தடை இல்லை.

எங்ககிட்ட பேச வந்தவர் "சுத்தியால ரெண்டு தட்டு, அரை நாள் வேலை சார்"னாரு. வேண்டாங்க. முதல்ல தண்ணி அடிச்சு நனைக்கணும். போல்ட்டைக் கழட்டி, ஷீட்டை முழுசா இறக்கணும். விளக்குமாறால காய்ஞ்ச தூசியைக் கூட்டக்கூடாது. மேல ஏறுறவர் ஷீட் நடுவுல கால் வெச்சா உள்ள விழுவார். கீழ குழாய் போற வரிசையில பலகை போட்டுத்தான் நடக்கணும்.

பதிலுக்கு என்ன போடலாம்? தகர ஷீட்னா மழையில காது கிழியும், எண்ணூர் காத்துல ஸ்க்ரூ தலைதான் முதல்ல துருப்பிடிக்கும். கான்கிரீட்னா பழைய சுவரும் அஸ்திவாரமும் தாங்குமான்னு எஞ்சினியரைக் கேளுங்க. சென்ட்ரிங் முட்டுகளைச் சின்ன ரூமுக்கே ஏழு நாளாவது பிரிக்கக்கூடாது. நாலரை மீட்டருக்கு மேல அகலம்னா பதினாலு நாள். ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சுடுங்க. 2016 டிசம்பர் 12 வர்தாவை யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

பேரம் பேசும்போதே, இறக்கின ஷீட் எங்க போகும்னு கேட்டு அதுக்கும் சேர்த்துக் கணக்கு வாங்கிக்கோங்க. இல்லாட்டி அது தெருமுனையில உடைஞ்சு கிடக்கும், பசங்க அது மேல ஏறி விளையாடுவாங்க.