ஆபரணம் துறந்த பென்சில்

பழைய யந்திரப் பென்சில்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது வெள்ளியையும் பொன்முலாமையும்தான். அந்த ஆசையில் குற்றமில்லை. ஆயினும் பூவேலையோ பளபளப்போ இல்லாத ஓர் அலுமினியக் குழாயை, ஒரு சித்திரக்காரனின் மேஜையில் பல்லாண்டு உழைத்து அறுகோண விளிம்புகள் தேய்ந்துபோன சாதாரணப் பென்சிலைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, மனிதக் கைத்திறனின் மேலான வெற்றி அங்கேதான் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த எளிமை தற்செயலாக வந்ததன்று. அதை அடைவதற்கு இந்தச் சிறு கருவிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

கிராபைட்டை ஓர் உறையில் பிடித்து எழுதும் வழக்கம் மிகப் பழையது. ஜூரிச் நகரத்துப் பண்டிதர் கொன்ராட் கெஸ்னர் 1565-இல் வெளியிட்ட நூலில் அத்தகைய கருவியொன்றின் சித்திரத்தைக் காணலாம். 1791-இல் ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைத் தொடரில் மோதி மூழ்கிய 'பண்டோரா' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் சிதைவுகளிலிருந்தும் ஒரு யந்திரப் பென்சில் கிடைத்திருக்கிறது. ஆனால் இதைப் பலரும் விலைக்கு வாங்கக்கூடிய சரக்காக்கியவர்கள் லண்டனைச் சேர்ந்த ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் சாம்ப்ஸன் மோர்டனுமே. 1822-இல் இருவரும் சேர்ந்து, திருகினால் கரிக்குச்சி முன்னே வரும் பென்சிலுக்கு உரிமைப்பட்டயம் பெற்றார்கள். பின்னர் மோர்டனின் கம்பெனி அதை ஓர் ஆபரணமாகவே வளர்த்துவிட்டது. கனவான்களின் கடிகாரச் சங்கிலியிலும் சீமாட்டிகளின் இடுப்புச் சங்கிலியிலும் தொங்குவதற்கென்று, ஆந்தை, பன்றி, எகிப்திய மம்மி முதலான உருவங்களிலெல்லாம் அவை வார்க்கப்பட்டன. வெள்ளியின்மீது பொறித்த முத்திரையைக் கொண்டு இன்றும் அவற்றின் வயதைக் கணித்துவிடலாம். எழுதுவது அவற்றுக்கு இரண்டாம் பட்சமான காரியம். 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அந்தத் தொழிற்சாலை அழிந்தபோது, ஆபரணப் பென்சிலின் யுகம் ஏறக்குறைய முடிந்துதான் போயிருந்தது.

அந்த யுகத்தை முடித்துவைத்தவர்கள் பலர். அவர்களுள் டோக்கியோவின் டோக்குஜி ஹயகாவாவை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் கனக்கிறது. வறுமையில் வளர்ந்து, பால்யத்திலேயே உலோகப் பட்டறையில் தொழில் பழகி, அதற்கு முன்பே துளையில்லாமல் இறுகும் இடுப்புவார்ப் பூட்டு ஒன்றை அமைத்திருந்த அவர், 1915-இல் எளிதில் பழுதாகாத பித்தளை யந்திரமொன்றைப் பென்சிலுக்காக உருவாக்கினார். உலோகம் கைக்குக் குளிர்ச்சியாயிருக்கிறது, கிமோனோ உடைக்குப் பொருந்தவில்லை என்று உள்ளூர்க் கடைக்காரர்கள் அதை ஒதுக்கினார்கள். யோகோஹாமா வணிகர்கள் மூலம் அயல்நாட்டிலிருந்து கேள்வி வந்த பிறகே சொந்த நாடு அதைத் திரும்பிப் பார்த்தது. 'எவர்-ரெடி ஷார்ப்' என்ற பெயரில் அது பிரசித்தி பெற்று, தொழிற்சாலையும் விரிந்துகொண்டிருந்த வேளையில், 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி நேர்ந்த பெரும் பூகம்பமும் தீயும் அவருடைய மனைவியையும் மக்களையும் தொழிற்சாலையையும் ஒருங்கே கொண்டுபோயின. கடனுக்கு ஈடாகப் பென்சில் உரிமைகளையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு ஒஸாகாவுக்குச் சென்ற அந்த மனிதர், வானொலிப் பெட்டி செய்யத் தொடங்கினார். இன்று உலகெங்கும் விற்கும் 'ஷார்ப்' சாதனங்களின் பெயர், அவர் இழந்துவிட்ட அந்தப் பென்சிலின் பெயர்தான்.

எளிமையின் உண்மையான பிறப்பிடம் என்று நான் கருதுவது ஜெனீவா. 1929-இல் கார்ல் ஷ்மிட் என்ற பொறியாளர் அமைத்து, 'காரன் தாஷ்' நிறுவனம் 'ஃபிக்ஸ்பென்சில்' என்ற பெயரில் விற்ற கருவியில் திருகு கிடையாது. பின்புறப் பொத்தானை அழுத்தினால் முனையிலுள்ள சிறு தாடைகள் விரிகின்றன. கரிக்குச்சி தன் எடையாலேயே கீழிறங்குகிறது. விரலை எடுத்ததும் சுருள்வில் இழுக்க, தாடைகள் மூடி அதைக் கவ்விக்கொள்கின்றன. இவ்வளவே அதன் ரகசியம். அதன் ஒவ்வோர் அம்சத்துக்கும் வரைபலகையில் ஒரு பிரயோஜனம் உண்டு. அறுகோண உடல் இருப்பதால் சாய்ந்த பலகையில் வைத்தாலும் உருண்டு விழாது. மரப் பென்சில் சீவச் சீவக் குறுகிக் கையின் சமநிலையை மாற்றிவிடும். இதுவோ காலையில் இருந்த நீளத்திலேயே மாலையிலும் இருக்கும். பிற்காலத்துப் பல தயாரிப்புகளில் அழுத்தும் பொத்தானுக்குள்ளேயே கரிமுனையைத் தீட்டும் சீவுகோலையும் ஒளித்துவைத்தார்கள். இவற்றை வடிவமைத்தவர்கள் அழகைத் தேடிப் போனவர்களல்லர். வேண்டாததை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தபோது அழகு தானே எஞ்சியது.

அடுத்த மாறுதல் உறையில் அன்று, கரியிலேயே நேர்ந்தது. களிமண்ணோடு சுட்ட பழைய கரிக்குச்சியை மிக மெல்லியதாக்கினால் ஒடிந்துவிடும். களிமண்ணுக்குப் பதிலாகப் பிசினைச் சேர்த்துச் சுட்ட உறுதியான மெல்லிய குச்சிகளை ஜப்பானின் பென்டெல் 1960-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. சீவவே தேவையில்லாத 0.5 மில்லிமீட்டர்க் கோடு அதன் பின்னரே சாத்தியமாயிற்று. அளவுகோலின் விளிம்பு பார்வையை மறைக்காதபடி முனையில் நீண்ட மெல்லிய குழல் அமைந்தது. அந்த ஸ்தாபனத்தின் பி-200 வரிசையில் நிறங்கூட அலங்காரமன்று: 0.3-க்குப் பழுப்பு, 0.5-க்குக் கறுப்பு, 0.7-க்கு நீலம், 0.9-க்கு மஞ்சள் என்று, எடுக்கும்போதே கோட்டின் கனத்தைக் கண்ணுக்குச் சொல்லிவிடுவது அது.

1966-இல் ஹைடல்பெர்க் நகரத்து லாமி கம்பெனி வெளியிட்ட 'லாமி 2000' பேனாவும், அதே வடிவில் வந்த பென்சிலும், வரைபலகைக்கு வெளியே எழுத்து மேஜைக்கும் இந்த ஒழுக்கத்தைக் கொண்டுவந்தன. பிரவுன் கம்பெனியின் வீட்டுச் சாதனங்களுக்கு உருவம் கொடுத்த கெர்ட் ஆல்ஃப்ரெட் முல்லரின் கைவண்ணம் அது. நாரிழை கலந்த மக்ரோலான் என்னும் பிளாஸ்டிக்கும் மங்கலாகத் தேய்த்த எஃகும் சேர்ந்த அதன் உடலில், இரு பாகங்கள் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். ஏறக்குறைய மாறுதலின்றி இன்றும் அது தயாராகிறது. ஆகவே அரிய பொருளைத் தேடுபவர்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1982-இல் கணினியில் வரைவதற்கான ஆட்டோகேட் என்னும் மென்பொருள் வந்தது; அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் பொறியாளர்களின் கூடங்களிலிருந்து வரைபலகைகள் மறைந்தன. பலகையோடு இருந்த பென்சில்கள் மேஜை இழுப்பறைகளுக்கும், அங்கிருந்து பழம்பொருள் சந்தைகளுக்கும் வந்து சேர்ந்தன. ஆபரணப் பென்சிலைப் பெட்டியில் வைத்துப் போற்றினார்கள். இவற்றையோ நாள் முழுவதும் உழைக்கச் செய்தார்கள். ஆகையால் கவ்வும் தாடை தளராமலும், கரியின் கடினத்தைக் குறிக்கும் எழுத்துகள் அழியாமலும், பற்குறி படாமலும் கிடைப்பது அபூர்வம். வாங்கும்போது மேற்பூச்சின் தேய்மானத்தை நான் குறையாக எண்ணுவதில்லை. அதைத் தேய்த்து மெருகேற்றுபவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. தாடை நேராக விரிந்து மூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மோர்டன் காலத்துப் பென்சிலுக்கேற்ற கரிக்குச்சியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அமெரிக்காவில் ஒருகாலத்தில் பொது வழக்கிலிருந்த 1.18 மில்லிமீட்டர்க் குச்சிகளைக்கூட இப்போது தனியாக வரவழைக்க வேண்டும். ஜெனீவாவின் பென்சிலுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அது ஏற்கும் 2 மில்லிமீட்டர்க் குச்சி, வரைபொருள் விற்கும் எந்தக் கடையிலும் இன்றைக்கும் கிடைக்கிறது.