துல்லியத்தின் அரசியல்: தாமிரபரணிக் கரையில் கேமராவும் செல்போனும்

1

செல்போனில் எடுக்கும் வீடியோ தரமானதா, தொழில்முறைக் கேமராவில் எடுப்பது தரமானதா என்கிற சர்ச்சை ஆவணப்பட நண்பர்களிடையே ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. பயிற்சியும் நல்ல லென்சும் இல்லாத பதிவு வெறும் அலைபாயல் என்கிறது ஒரு தரப்பு. எல்லார் கையிலும் கேமரா வந்துவிட்டது, இனி அதிகாரம் எதையும் மறைக்க முடியாது என்கிறது இன்னொரு தரப்பு. பாளையங்கோட்டையில் ஒரு திரையிடலுக்குப் பிந்தைய பேச்சில் நண்பர் ஒருவர், 'பெரிய கேமராவுக்கு வாடகை குடுக்க எங்க போவீரு? செல்லுல எடுத்துப் போடும்வே, ஊரு பூரா பாத்துரும்' என்றார். எதிரும் புதிருமாகத் தெரிகிற இவ்விரு நிலைப்பாடுகளின் அடியிலும் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: பிம்பம் தெளிவாக இருந்தால், அல்லது நிறையப் பேரைச் சென்றடைந்தால், உண்மை தானாகவே நிலைபெற்றுவிடும். இந்த நம்பிக்கையைத் தாமிரபரணிப் பகுதியின் அண்மைக்கால வரலாற்றில் வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு பதிவு எந்த மன்றத்தில், யாருக்கு எதிராக நிற்க வேண்டியிருக்கிறது என்பதைக் கேட்காமல் அதன் 'தர'த்தைப் பேசுவதில் அர்த்தமில்லை என்பது என் தரப்பு.

1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைதை எதிர்த்துத் திருநெல்வேலியில் எழுச்சி நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அரசு அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், பத்திரிகைச் செய்திகள் வழியாக வருவது. சுட்டவனின் எழுத்திலிருந்தே சுடப்பட்டவனின் கதையைப் பிரித்தெடுக்க வேண்டிய நிலை. அசையும் படம் என்கிற சாட்சி இந்த ஆற்றங்கரைக்கு வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயிற்று.

2

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கையையும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையையும் முன்வைத்துப் புதிய தமிழகம், த.மா.கா. உள்ளிட்ட கட்சிகள் நடத்திய ஊர்வலம் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போயிற்று. போலீசார் தடியடி நடத்தினார்கள். ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உள்பட 17 பேர் செத்துப்போனார்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

அன்றைய காட்சிகளையும் சாட்சிகளின் குரல்களையும் கொண்டு ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்கிற ஆவணப்படத்தை எடுத்தார். புதுமைப்பித்தன் கதையொன்றின் பெயரைத் தாங்கிய 'காஞ்சனை' திரைப்பட இயக்கத்தைத் திருநெல்வேலியில் நடத்திவந்தவர் அவர். நான் அப்படத்தை முதன்முதலில் பார்த்தது பல கை மாறிய ஒரு விசிடியில். விசிடியின் பிம்பம் 352க்கு 288 புள்ளிகள். இன்றைய சாதாரணச் செல்போன் பதிவின் இருபதில் ஒரு பங்கு. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தன, முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. ஆனால் கரையில் யார் நிற்கிறார்கள், தண்ணீருக்குள் யார் நிற்கிறார்கள், கம்பு யார் கையில் இருக்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

அரசு அமைத்த நீதிபதி மோகன் ஆணையத்தின் கணக்கில், இறந்தவர்களுள் 11 பேர் நீரில் மூழ்கியவர்கள். இந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் இலக்கணமாகப் பார்க்கலாம். 'மூழ்கினார்' என்பது தன்வினை. செய்தவனும் பட்டவனும் ஒருவனே. 'மூழ்கடித்தார்' என்கிற பிறவினைக்கு வேறொரு எழுவாய் தேவைப்படும். அதிகாரத்தின் கதையாடல் அந்த எழுவாயைத்தான் தவிர்க்கிறது. பிரேதப் பரிசோதனை நுரையீரலில் தண்ணீர் இருப்பதைச் சொல்லும். அவன் ஏன் தண்ணீருக்குள் போனான் என்பதைச் சொல்லாது. மங்கலான அந்த வீடியோ சொல்வது அதைத்தான். தன்வினையைப் பிறவினையாகத் திருப்பி எழுதுகிற காரியத்தை அது செய்கிறது. அதற்கு 352 புள்ளிகளே போதுமானதாக இருந்தது.

3

அப்படியானால் தெளிவு தேவையே இல்லையா? கியூபாவின் கார்சியா எஸ்பினோசா 1969இல் 'குறையுள்ள சினிமா'வை ஆதரித்து எழுதியதையும், ஹிட்டோ ஸ்டெயர்ல் 2009இல் 'ஏழைப் பிம்ப'த்துக்காக வாதாடியதையும் காட்டி நம் நண்பர்கள் சிலர் அந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது அவசர முடிவு. 'போலீஸ் அடித்தது' என்று நிறுவ மங்கல் பிம்பம் போதும். 'இந்தக் காவலர் அடித்தார்' என்று நிறுவ அது போதாது. முதலாவது வரலாற்றுக்கான சாட்சி, இரண்டாவது குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாட்சி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கேமரா சர்ச்சை முடிவில்லாமல் போகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1990களில் நம் தொலைக்காட்சி முறையில் ஒரு பிம்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. ஆற்றுக்கு அப்பால் நிற்கும் ஓர் ஆள் அதில் 50 கோடு உயரம் இருந்தால், அவர் தலைக்குக் கிடைப்பது ஆறேழு கோடுகள். அதை வைத்து யாரையும் அடையாளம் காட்ட முடியாது. அதே சட்டகத்தை இன்றைய 4கே செல்போனில் (2160 கோடுகள்) எடுத்தால் தலைக்கு 25 கோடுகள் கிடைக்கும். செல்போன் ஜெயித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் 'அதே சட்டகம்' கிடைக்காது என்பதுதான் விஷயம். செய்திக் கேமராவின் லென்ஸ் கண்ணாடிகளை நகர்த்தியே தூரத்து ஆளைப் பல மடங்கு அருகே கொண்டுவரும். செல்போனின் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது, நகராதது. அதில் பெரிதாக்குவது பெரும்பாலும் இருக்கிற புள்ளிகளை இழுத்து ஊதுவதுதான். எனவே தூரத்துக்குத் தொழில்முறைக் கேமரா. கூட்டத்துக்கு நடுவே, கை எட்டும் தூரத்துக்குச் செல்போன். கேமராவைத் தோளில் சுமந்தவன் நிருபர் என்பது ஒரு மைலுக்குத் தெரியும். செல்போன் வைத்திருப்பவன் அடிபடுகிறவர்களில் ஒருவன். அவன் பதிவு நடுங்குவதற்குக் காரணம் அதுதான்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். முழுச்சட்டகக் கேமராவின் உணரி 36க்கு 24 மில்லிமீட்டர். பல செல்போன்களின் உணரி அதில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நண்பகலில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ராத்திரி தெருவிளக்கில் தெரியும். உணரிக்குக் கிடைக்காத வெளிச்சத்தைச் செல்போன் மென்பொருளால் ஈடுகட்டுகிறது: பல சட்டகங்களைச் சேர்த்துப் புள்ளிகளை வழவழப்பாக்குகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தோலில் இருந்த தழும்பும் சட்டையில் இருந்த எண்ணும் அந்த வழவழப்பில் மறைந்துபோகலாம்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. 1990களின் இறுதியில் பரவிய டிஜிட்டல் வீடியோ கேசட்டில் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு முழுசாகப் பதிவாகும். செல்போன் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இடையிடையே ஒரு முழுச் சட்டகம்; மற்றவை முன்பின் சட்டகங்களிலிருந்து மாறுதல்களை மட்டும் கணக்கிட்டு எழுதப்படுபவை. வாட்ஸப்பில் அனுப்பினால் அது இன்னும் நெருக்கிப் பிழிகிறது. எடுத்த இடம், நேரம் பற்றிய தகவல்களும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு சட்டகத்தை நிறுத்தி, 'இது கேமரா கண்டதா, மென்பொருள் ஊகித்ததா?' என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

சட்டகம் சட்டகமாக நிறுத்துவது கற்பனையான ஆபத்தல்ல. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்சில் ரோட்னி கிங் என்கிற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்ததை ஜார்ஜ் ஹாலிடே தன் வீட்டிலிருந்து கைக்கேமராவில் பிடித்தார். உலகமே பார்த்த வீடியோ அது. 1992இல் மாநில நீதிமன்ற ஜூரி அந்தப் போலீசாரைத் தண்டிக்கவில்லை. எதிர்த்தரப்பு அந்த வீடியோவை மறைக்க முயலவில்லை. அதையே மெதுவாக, சட்டகம் சட்டகமாக ஓட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நியாயம் கற்பித்தது. பிம்பமும் ஒரு பிரதிதான். அதற்கும் வாசிப்பு உண்டு, அந்த வாசிப்பில் அதிகாரத்தின் கை ஓங்கியிருக்கும்.

4

ஆறு கடலில் சேர்கிற மாவட்டத்துக்கு வருவோம். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். அநேகமாக ஒவ்வொரு சட்டைப்பையிலும் கேமரா இருந்த கூட்டம் அது. ஆனாலும் துப்பாக்கிகள் தயங்கவில்லை. கேமராவைக் கண்டு அதிகாரம் அஞ்சும் என்கிற நம்பிக்கை அன்றே பொய்த்துப்போயிற்று. வேன் மீது ஏறி நின்று சீருடையில்லாத காவலர் குறிபார்க்கும் காட்சி, எல்லார் மனதிலும் தங்கியது, செய்தி நிறுவனம் ஒன்றின் வழியாகவே பரவியது.

மறுநாள், மே 23இல், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை அரசு முடக்கியது. எந்த லென்சையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. பதிவுகள் கைகளிலேயே இருந்தன, கைகளுக்கு வெளியே போக வழியில்லை. தொழில்முறைக் கேமராவின் பலவீனம் அதன் கேசட்: பறித்துக்கொண்டால் முடிந்தது. செல்போனின் பலவீனம் அதன் அலைவரிசை: ஓர் ஆணையில் முடிந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீஸ் தரப்பின் நியாயங்களை ஏற்காமல், காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கைக்கு அது பரிந்துரைத்தது. கொக்கிரகுளத்துக்குக் கிடைக்காதது இது. இந்த வேறுபாட்டைப் பிம்பத்தின் துல்லியத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

2020 ஜூன். சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய பென்னிக்சும் அவர் தந்தை ஜெயராஜும் காவலில் வதைக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு காயம்பட்டார்கள் என்றது முதல் தகவல் அறிக்கை. கடைப் பக்கத்துக் கண்காணிப்புக் கேமராவின் சுமாரான பதிவில் அப்படி எதுவுமே இல்லை. காவல் நிலையத்திலும் கேமராக்கள் இருந்தன, ஒரு டெராபைட் சேமிப்பகமும் இருந்தது. ஆனால் அன்றாடம் தானாக அழிந்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்ததை விசாரித்த நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கையளித்தார். பதிவு இல்லாத இடத்தை நிரப்பியது ஒரு பெண் தலைமைக் காவலரின் வாய்மொழிச் சாட்சியம். நம் விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. அரசின் நல்ல கேமரா மறந்தது. கடைக்காரரின் மலிவுக் கேமரா நினைவில் வைத்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்றது. அது பேசியது பிரதானமாக நினைவின் காலத்தைப் பற்றி.

5

இனி நாம் விவாதிக்க வேண்டியது இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் கேட்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஊர் பூரா பார்த்த வாட்ஸப் வீடியோவுக்கும் எடுத்தவரின் செல்போனில் இருக்கும் மூலக் கோப்புக்கும் எண் ஒன்றாகாது. எனவே மூலக் கோப்பு எங்கே, எடுத்தவர் யார், அவர் நீதிமன்றம் வரை வரத் துணிவாரா, அவருக்கு யார் துணை என்பதெல்லாம் லென்சைப் போலவே தரத்தின் பகுதிகள். மூலக் கோப்பை அழிக்காமல், வேறொரு வட்டில் நகலெடுத்து, அன்றைக்கே ஹாஷ் எண்ணைக் குறித்து வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. நம் அமைப்புகளில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்?

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலையை, அது முடிய நான்காண்டு இருக்கும்போதே, 2024இல் பம்பாய் பர்மா கம்பெனி கைவிட்டது. தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று பெயர் சூட்டப்பட்ட வெளியேற்றம் தரப்பட்டது. (இங்கும் ஒரு தன்வினை: 'விரும்பி' ஓய்ந்தார்களாம்.) மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளின் லயன் வீடுகளைத் தொழிலாளர்களே செல்போனில் பதிந்தார்கள், நாமும் பகிர்ந்தோம், பார்த்தோம். அந்தச் செல்போன்கள் பழுதாகும், மாற்றப்படும். 1999இன் கேசட்டுகளில் காந்தப் பூச்சு கால் நூற்றாண்டைத் தாண்டி உதிரத் தொடங்கும் வயதை எட்டிவிட்டது. இரண்டு தலைமுறைக் கருவிகளும் ஒரே சமயத்தில் மறதியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. கேசட்டுகளை டிஜிட்டலாக்கவும், மூலக் கோப்புகளைத் திரட்டவும், அவற்றின் மீதான உரிமை எடுத்தவர்களிடமும் அந்த ஜனங்களிடமுமே இருக்கும்படியான ஒரு காப்பகத்தைத் திருநெல்வேலியில் அமைக்கவும் முடியுமா என்பதை எழுத்தாளர்களும் இயக்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். எந்தக் கேமரா வாங்குவது என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.