பிரிந்து வாழும் பெற்றோரும் பிள்ளையின் கல்வியும்: ஒரு வரலாற்றுப் பார்வை



தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலரைத் தயங்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. தாயும் தந்தையும் மணவிலக்குப் பெற்றுவிட்டனர். பிள்ளை தாயிடம் வளர்கிறது. தந்தை பள்ளிக்கு வந்து, "ஐயா, என் மகனின் தேர்ச்சி அறிக்கையை நானும் பார்க்கலாமா?" என்று கேட்கிறார். சில குடும்பங்களில் நிலைமை மாறியிருக்கும். பிள்ளை தந்தையிடமும் பாட்டியிடமும் இங்கே ரெங்கத்தில் வளர, தாய் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, விடுப்பு நாளில் வந்து இதே கேள்வியைக் கேட்பார். காட்டினால் பிள்ளையை வளர்ப்பவர் சினங்கொள்வாரோ? மறுத்தால் அது முறையாகுமா?

இதற்கு விடைகாண வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம்.

தந்தை ஒருவரே உரிமையாளர்

நம் நாட்டுக் குடும்பச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிள்ளையின் மீதான உரிமை முழுவதும் தந்தைக்கே இருந்தது. பிரிந்து சென்ற தாய்க்குப் பிள்ளையைப் பார்க்கும் உரிமைகூட இல்லை. தம் மூன்று மகன்களையும் இவ்வாறு இழந்த கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர் எழுதியும் வாதாடியும் போராடியதன் பயனாக, 1839-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும், அதற்கு மேற்பட்ட வயதுடைய பிள்ளையைச் சந்திக்கவும் தாய் நீதிமன்றத்தை நாடலாம் என்றது அச்சட்டம்.

ஆயினும், கல்வியைப் பற்றிய முடிவு தந்தையின் கையிலேயே இருந்தது. இதனை நேரில் அனுபவித்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். கணவரைப் பிரிந்தபோது மகள் மேபல் அவரிடம் வளர உடன்பாடு ஆகியிருந்தது. ஆனால், தாய் இறைமறுப்பாளர் என்றும், மகளுக்குச் சமயக் கல்வி அளிக்கவில்லை என்றும், குடும்பக் கட்டுப்பாட்டு நூலை வெளியிட்டவர் என்றும் காரணங்காட்டி, 1878-இல் நீதிமன்றம் அக்குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைத்தது. பின்னர்ப் பிள்ளைகளைச் சந்திக்க இசைவு கிடைத்தும், சந்திப்புகள் அவர்களை அலைக்கழிக்கின்றன என்று கருதிய அம்மையார் விலகியே நின்றார். வளர்ந்தபின் மகனும் மகளும் தாயை நாடி வந்தனர்.

அடையாற்று வழக்கு

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே அம்மையார் சென்னை அடையாற்றில், எதிர்த்தரப்பில் நின்றார். பிரம்மஞான சபையில் பணியாற்றிய நாராயணையா என்பவர், தம் மகன்களான கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா இருவரையும் வளர்த்துக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1910 மார்ச்சில் அம்மையாரிடம் எழுதிக் கொடுத்தார். இந்தக் கிருஷ்ணமூர்த்திதான் பின்னாளில் உலகறிந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி.

சிறுவர்கள் கல்விக்காக இங்கிலாந்து கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் வளர்க்கப்படும் முறை பிடிக்காத தந்தை, 1912-இல் வழக்குத் தொடுத்தார். 1913 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914 மே மாதத்தில் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது.

பிரிவி கவுன்சில் கூறிய கருத்து நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தந்தை தம் பிள்ளையின் வளர்ப்பையும் கல்வியையும் பிறரிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம். ஆனால், அதற்குள் பிள்ளை புதிய சூழலில் வேரூன்றி, அதைக் கலைப்பது பிள்ளைக்குக் கேடு என்றால் நீதிமன்றம் தடுக்கும் என்றது. சிறுவர்களின் விருப்பம் கேட்டறியப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. பெற்றவரின் உரிமை, வளர்ப்பவரின் உரிமை என்று நடந்த வழக்கில் பிள்ளையின் நலனும் முன்னுக்கு வந்தது.

மலேசியச் சட்டம் நடந்துவந்த பாதை

நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவல் சட்டம் தந்தையையே பாதுகாவலராகக் கொண்டது. 1999-இல் அது திருத்தப்பட்டு, தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று எழுதப்பட்டது. அதே 1999-இல்தான் இந்திய உச்சநீதிமன்றமும், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் பாதுகாவலராக இருக்க வழியுண்டு என்று விளக்கியது.

முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கை ஆள்வது 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். இது 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன் 88-ஆம் பிரிவு பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நன்று என்பது அதன் தொடக்க அனுமானம். தக்க காரணம் இருந்தால் அதை மறுக்கலாம். 1839-இல் கண்ட அதே ஏழு வயது! நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் சேரும் வயதும் நெடுங்காலமாக அதுவே. எனவே, பெற்றோரின் வழக்கு சூடுபிடிக்கும் வேளையும் பிள்ளை அரிச்சுவடி கற்கும் வேளையும் பல வீடுகளில் ஒன்றாகிவிடுகின்றன.

2018 ஜனவரி 29-இல், ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கில், பிள்ளைகளின் மதமாற்றத்திற்குப் பெற்றோர் இருவரின் இசைவும் தேவை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய், தந்தை இருவரும் சமம் என்னும் கொள்கை அங்கே மேலும் வலுப்பெற்றது.

முடிவெடுப்பது வேறு, அறிந்துகொள்வது வேறு

இனி நம் கேள்விக்கு வருவோம். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் வேறு நிபந்தனை விதிக்காதவரை, பிள்ளையின் வளர்ப்பு, கல்வி பற்றிய முடிவுகளை எடுக்கும் உரிமை பராமரிப்பு உரிமை பெற்றவருக்கே உண்டு. எந்தப் பள்ளி, பள்ளி மாற்றம் போன்றவற்றை அவரே முடிவு செய்வார். மற்றவருக்குப் பிள்ளையைச் சந்திக்கும் உரிமையை வழங்கவும் அதே பிரிவு இடந்தருகிறது. ஆனால், தேர்ச்சி அறிக்கையைப் பற்றியோ ஆசிரியரைச் சந்திப்பதைப் பற்றியோ அது ஒன்றும் கூறவில்லை.

இந்த இடைவெளியில்தான் ஆசிரியர் நிற்கிறார். முடிவெடுக்க முடியாதவர் அறிந்துகொள்ளவும் கூடாது என்று நாமாகவே கதவடைப்பது சரியன்று என்பது என் கருத்து. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையை அது பெற்றோர் ஒவ்வொருவர் மீதும் சுமத்துகிறது. கடமையில் இருவருக்கும் பங்குண்டு என்றால், செய்தி மட்டும் ஒருவரோடு நிற்பது எவ்வாறு பொருந்தும்? மலேசியா 1995-இல் ஏற்ற ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையின் 9-ஆம் விதியும், பிரிந்து வாழும் பெற்றோருடன் தொடர்பு கொண்டிருப்பதைப் பிள்ளையின் உரிமையாகவே கூறுகிறது. பிள்ளைக்குத் தீங்கு விளையும் நிலை மட்டுமே விலக்கு.

அந்த விலக்கை நாம் மறந்துவிடக் கூடாது. நீதிமன்றம் சந்திப்பைத் தடை செய்திருந்தாலோ, 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு ஆணை இருந்தாலோ, பள்ளி அதனை மதித்தே ஆக வேண்டும். ஆதலால், ஆணையின் படி ஒன்றைப் பள்ளிக் கோப்பில் வைப்பதும், ஐயம் எழுந்தால் தலைமையாசிரியரிடம் கொண்டு செல்வதும் நம் கடமை. அறிக்கையைக் காட்டுவது வேறு, பள்ளி முடிந்ததும் பிள்ளையை ஒருவரோடு அனுப்பிவைப்பது வேறு என்பதையும் நினைவிற் கொள்க.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மணவிலக்கு ஆணையிலேயே, தேர்ச்சி அறிக்கையை இருவரும் பெறலாம், பெற்றோர் சந்திப்புக்கு இருவரும் வரலாம் என்று ஒரு வரி சேர்க்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். "அப்பாவிடம் சொல், அம்மாவிடம் சொல்" என்று பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். சொல்ல வேண்டியதை ஆசிரியரிடம் சொல்லுங்கள்; இருவருக்கும் ஒரே செய்தியைச் சேர்ப்பது எங்களுக்குச் சுமையன்று.