களவுபோன பணத்தின் சுவடு: பதிவும் பெயரும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பணம் களவுபோகும்போது இரு வினாக்கள் எழுகின்றன. அது எவ்வழியே சென்றது என்பது ஒன்று; எவருடைய கையைச் சென்றடைந்தது என்பது மற்றொன்று. முன்னையது சுவடு பற்றியது. பின்னையது பெயர் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதும் வழக்கம் பொதுவாக உண்டு. வங்கிக் கணக்குகளுக்குப் பெயர் உள்ளமையால் அவற்றினூடாகச் சென்ற களவுப் பணத்தைத் தொடர்வது எளிதென்றும், பெயரற்ற கிரிப்டோ நாணயத்தில் அது இயலாதென்றும் பேசப்படுவது இவ்வழக்கின் விளைவேயாகும். ஆயின், வரலாறு வேறுவிதமான சான்றுகளைத் தருகின்றது. பெயர் இருந்தும் சுவடு அற்றுப்போன களவுகள் உள; பெயரின்றியும் சுவடு அழியாது நின்ற களவுகளும் உள. சுவட்டையும் பெயரையும் எங்கே இணைப்பது, எங்கே பிரிப்பது என்பதைத் தொழில்நுட்பம் மட்டும் தீர்மானித்துவிடுவதில்லை. அது சட்டமும் சமூகமும் காலந்தோறும் செய்துவந்த தெரிவாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேய வழக்கொன்றையும், 2016ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு பெருங் களவுகளையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1756ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் திகதி இங்கிலாந்தில் வில்லியம் பின்னி என்பவர் 21 பவுண் 10 சிலிங் பெறுமதியான இங்கிலாந்து வங்கித் தாளொன்றை அஞ்சலிற் சேர்த்தார். அன்றிரவே அஞ்சல் வண்டி கொள்ளையிடப்பட்டது. மறுநாள் அத்தாள் மில்லர் என்னும் விடுதிக்காரரின் கைக்கு வந்தது. அது களவுப் பொருள் என்பதை அறியாத அவர், வழமையான கொடுக்கல் வாங்கலில் அதற்குரிய முழுப் பெறுமதியையும் கொடுத்தே அதனைப் பெற்றிருந்தார். அதற்கு அடுத்த நாள் பின்னி, பணம் கொடுக்கவேண்டாமென வங்கிக்கு அறிவித்தார். பின்னர் மில்லர் தாளை வங்கியிற் கொடுத்தபோது, எழுதுவினைஞரான றேஸ் பணத்தைக் கொடுக்கவுமில்லை. தாளைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. இதிலிருந்து எழுந்ததே 1758இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பளித்த மில்லர் எதிர் றேஸ் வழக்காகும். தீர்ப்பு மில்லருக்குச் சாதகமாக அமைந்தது.

அத்தீர்ப்புக்குக் கூறப்பட்ட காரணமே ஈண்டு கருத்திற் கொள்ளத்தக்கது. கால்நடைகளுக்கு இடப்படும் குறிபோன்று பணத்துக்குக் குறியேதும் இல்லாமையாலேயே அதனைப் பின்தொடர முடியாதென அதுவரை கூறப்பட்டு வந்தது. மான்ஸ்பீல்ட் இக்காரணத்தை ஏற்கவில்லை. பணம் கைமாறி ஓடவேண்டிய பொருள் என்பதே உண்மையான காரணம் என்று அவர் கொண்டார். பின்னியின் தாளை வங்கி இனங்கண்டுகொண்டமையே அவ்வழக்குக்குக் காரணமாயிற்று. அடையாளம் இருந்தது, சுவடும் தெரிந்தது. எனினும் நன்னம்பிக்கையோடு பணத்தைப் பெறும் ஒவ்வொருவரும் அதன் பூர்வீகத்தை ஆராயவேண்டுமெனின் வணிகம் நடைபெறாது என்பதனால், சட்டமே அச்சுவட்டை ஓரிடத்தில் துண்டித்தது. களவு கொடுத்தவரின் இழப்பைவிட அடுத்துப் பெற்றவரின் நம்பிக்கை பெரிதெனக் கொள்ளப்பட்டது. பணத்தின் 'மறதி' இயற்கையான ஒன்றன்று, சட்டத்தாற் படைக்கப்பட்டது என்பதை இவ்வழக்கு தெளிவுபடுத்துகின்றது.

பணம் கையிலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு மாறியபோது நிலைமையும் மாறிற்று. நாணயத்தாள் தான் கடந்துவந்த கைகளை நினைவில் வைத்திருப்பதில்லை. வங்கிப் பேரேடோ அனைத்தையும் வைத்திருக்கின்றது. அப்பேரேட்டை யார் பார்க்கலாம் என்பதே இருபதாம் நூற்றாண்டின் வினாவாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வாடிக்கையாளரின் கொடுக்கல் வாங்கற் பதிவுகளைப் பேணுமாறும் குறித்த சிலவற்றை அரசுக்கு அறிவிக்குமாறும் வங்கிகளைப் பணித்தது. வங்கியிலுள்ள பதிவுகள் வங்கியின் உடைமையே என்றும், அவை தொடர்பில் அரசியலமைப்பின் பாதுகாப்பை வாடிக்கையாளர் கோர முடியாதென்றும் 1976இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கெதிராக எழுந்த அதிருப்தியின் பயனாக, 1978இல் நிதிசார் அந்தரங்க உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு ஓரளவு பாதுகாப்பு வழங்கப்பட்டது.

கணினி வல்லுநரான டேவிட் சௌம் 1982இல் முன்வைத்த திட்டம் இப்பின்னணியிலேயே நோக்கப்படவேண்டியது. ஒருவர் எங்கே, எப்போது, எதற்காகப் பணம் கொடுக்கிறார் என்பதைத் தொகுத்து நோக்கினால் அவரது வாழ்வு முழுவதுமே வெளிப்பட்டுவிடும் என்பதை அவர் முன்னுணர்ந்தார். வங்கி ஒரு நாணயத்தைப் பாராமலே அதற்கு ஒப்பமிடும் கணித முறையொன்றை அவர் வகுத்தார். பணம் செல்லுபடியானது என்பது வங்கிக்குத் தெரியும். அதைச் செலவிட்டவர் யார் என்பது தெரியாது. ஆயினும் அத்திட்டம் இதனோடு நின்றுவிடவில்லை. பணம் கொடுத்தவர் விரும்பின் தாம் கொடுத்ததை நிறுவ முடிதல் வேண்டும் என்பதும், களவுபோனதாக அறிவிக்கப்பட்ட பணத்தின் பயன்பாட்டை நிறுத்த முடிதல் வேண்டும் என்பதும் அவர் வகுத்த இலக்குகளுள் அடங்கின. அந்தரங்கமும் களவுக்கெதிரான பாதுகாப்பும் ஒன்றையொன்று விழுங்கவேண்டியவை அல்ல என்பது இத்துறையின் தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது. சௌம் 1989இல் நிறுவிய டிஜிகாஷ் நிறுவனம் 1998இல் முறிவடைந்தமையால் அவ்வுணர்வு நடைமுறையில் வேரூன்றவில்லை.

2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் சற்றோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான பிட்கொயின் திட்டம், வங்கிமுறையை அப்படியே தலைகீழாக்கியது. வங்கியின் பேரேட்டில் பெயர் உண்டு. ஆயின் பேரேடு பூட்டப்பட்டிருக்கும். பிட்கொயினின் பேரேட்டில் பெயர் இல்லை. ஆயின் அது உலகெங்கும் திறந்து கிடக்கின்றது. எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் ஒவ்வொரு தொகையும் என்றென்றைக்கும் அதிற் பதிவாகின்றது. முகவரிக்குரிய இரகசியச் சாவியை வைத்திருப்பவரே பணத்தின் ஆட்சியாளர். இது அநாமதேயப் பணம் எனப் பலர் நம்பினர். 2013இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தையும் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர், பல முகவரிகள் ஒருவருக்கே உரியவை என்பதைப் பேரேட்டை வைத்தே கணித்துக் காட்டி அந்நம்பிக்கையை ஆட்டங்காணச் செய்தனர்.

இவ்விரு பேரேடுகளும் ஒரே ஆண்டில் சோதனைக்குள்ளாயின. 2016ஆம் ஆண்டு பெப்ரவரித் தொடக்கத்தில், பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியோர், நியூயோர்க் பெடரல் ரிசேவ் வங்கியிலிருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை மாற்றுமாறு 35 கட்டளைகளை அனுப்பினர். அவற்றுள் ஐந்து நிறைவேற்றப்பட்டு, 101 மில்லியன் டொலர் வெளியேறியது. இதில் 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள தொண்டு நிறுவனமொன்றின் கணக்கை நோக்கி வந்தது. நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தமையால் இடைநிலை வங்கியொன்று ஐயுற்று விளக்கம் கோரியது; பணம் தடுக்கப்பட்டு மீண்டது. எஞ்சிய 81 மில்லியன் டொலர் மணிலாவிலுள்ள வங்கிக் கிளையொன்றின் நான்கு கணக்குகளுக்குச் சென்றது. அவை முந்திய ஆண்டிலேயே பொய்ப் பெயர்களிற் திறக்கப்பட்டிருந்தன. பெயர் இருந்தது, பெயருக்குரிய மனிதர் இருக்கவில்லை.

அங்கிருந்து பணம் பிலிப்பைன்ஸ் நாணயமாக மாற்றப்பட்டு, கசினோ சூதாட்ட விடுதிகளைச் சென்றடைந்தது. பணத்தூய்மையாக்கலுக்கு எதிராக அந்நாடு 2001இல் இயற்றிய சட்டம் அக்காலத்தில் கசினோக்களை உள்ளடக்கியிருக்கவில்லை. எனவே சூதாட்ட மேசையில் சுவடு முடிந்தது. நாடாளுமன்ற மேற்சபை விசாரணை நடத்தியபோது, 1955ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டத்தைக் காட்டி வங்கி அதிகாரிகள் விடையிறுக்க மறுத்தமையும் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 15 மில்லியன் டொலர் அவ்வாண்டு நவம்பரில் பங்களாதேஷிடம் ஒப்படைக்கப்பட்டது. கசினோக்களைச் சட்டத்தினுள் கொண்டுவரும் திருத்தம் 2017 ஜூலையிலேயே நிறைவேறியது. களவுபோனது, ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களும் வெளிநாடுகளிற் கூலிவேலை செய்வோரும் ஈட்டித் தந்த அந்நியச் செலாவணியாகும். அதைக் காக்கவேண்டிய பேரேடுகள் அனைத்திலும் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட பிட்பினெக்ஸ் என்னும் நாணய மாற்றுத் தளத்திலிருந்து ஏறத்தாழ 1,19,750 பிட்கொயின்கள் களவுபோயின. அன்றைய பெறுமதி 70 மில்லியன் டொலருக்குச் சற்று மேற்பட்டதாகும். நிறுவனம் இழப்பை வாடிக்கையாளர் அனைவர்மீதும் பகிர்ந்தமையால், ஒவ்வொருவரும் தமது இருப்பில் ஏறத்தாழ 36 சதவீதத்தை இழந்தனர். திருடியவரின் பெயர் எவருக்கும் தெரியாது. ஆயின் பணம் தங்கியிருந்த முகவரியை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 2017 ஜனவரியில் அதன் ஒரு பகுதி நகரத் தொடங்கியது. சிறு சிறு தொகைகளாகப் பிரித்தும், அல்பாபே என்னும் கள்ளச் சந்தையினூடாகச் செலுத்தியும், பொய்ப் பெயர்க் கணக்குகளைப் பயன்படுத்தியும் சுவட்டைக் கலைக்க முயன்றனர். எனினும் அப்பணம் உலகியற் பொருளாக மாறவேண்டிய இடத்திலெல்லாம் பெயரொன்று தேவைப்பட்டது. பல்பொருள் அங்காடி ஒன்றின் பரிசு அட்டை வாங்கிய சிறு செலவுகூட விசாரணையாளருக்கு வழிகாட்டியது. இறுதியில், நீதிமன்ற ஆணையோடு திறக்கப்பட்ட இணையச் சேமிப்பகமொன்றிலே முகவரிகளும் அவற்றின் சாவிகளும் அடங்கிய கோவை கிடைத்தது. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 94,000க்கு மேற்பட்ட பிட்கொயின்கள் கைப்பற்றப்பட்டன. அப்போது அவற்றின் பெறுமதி 3.6 பில்லியன் டொலராக உயர்ந்திருந்தது. நியூயோர்க்கில் கைதான தம்பதியர் 2023இல் குற்றத்தை ஏற்று, 2024 நவம்பரில் தண்டனை பெற்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குமிடத்து, பெயரைக்காட்டிலும் அழியாத பதிவே களவைக் காட்டிக்கொடுத்தது என்பது புலனாகும். ஆயின் இதிலிருந்து, எல்லாப் பதிவும் எல்லோருக்கும் திறந்திருத்தலே நன்று என முடிவுசெய்தல் பொருந்தாது. திருடனைத் தொடர உதவிய அதே பேரேடு, திருடாதவரையும் தொடர இடமளிக்கின்றது. ஒருவரது முகவரி ஒருமுறை தெரிந்துவிட்டால், அவர் பெற்ற கூலியும் கொடுத்த நன்கொடையும் அயலார் கண்ணுக்குப் புலனாகும். வங்கிப் பேரேட்டுக்கு இருந்த கதவுதானும் இதற்கு இல்லை.

இக்குறையை நிரப்புவதற்காகவே பலரது பணத்தை ஒன்றுகலந்து சுவட்டை மறைக்கும் கருவிகள் தோன்றின. அவற்றுள் ஒன்றான டொர்னாடோ காஷை 2022 ஓகஸ்டில் அமெரிக்கத் திறைசேரி தடைப்பட்டியலிற் சேர்த்தது. 2019 முதல் 7 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட பணம் அதனூடாகத் தூய்மையாக்கப்பட்டதென்றும், வட கொரியாவுடன் தொடர்புடைய திருட்டுக் குழுவும் அதனைப் பயன்படுத்தியதென்றும் திறைசேரி கூறியது. எதேரியம் வலையமைப்பை உருவாக்கியோருள் ஒருவரான விற்றாலிக் பியூட்டரினோ, உக்ரேனுக்கு நன்கொடை வழங்கத் தாம் அதனைப் பயன்படுத்தியதாகப் பகிரங்கமாகக் கூறினார். பெறுவோரின் பாதுகாப்புக்கு அம்மறைப்பு உதவியது. எவராலும் மாற்ற முடியாத கணினி நிரலை எவரதும் சொத்தாகக் கருதித் தடைசெய்யத் திறைசேரிக்கு அதிகாரமில்லையென 2024 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் தடை நீக்கப்பட்டது. ஒரே கருவி கள்வனுக்கு ஒளிவிடமாகவும் கொடையாளிக்குத் திரையாகவும் இருந்தமையே இச்சிக்கலின் சாரமாகும்.

சுவடு மட்டுமே போதுமென்பதும் பிழையாகும். 2025 பெப்ரவரியில் பைபிட் என்னும் மாற்றுத் தளத்திலிருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான ஈதர் நாணயம் களவாடப்பட்டது. சில நாட்களுக்குள் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகம் வட கொரியாவே பொறுப்பெனப் பெயரைக் கூறியதுடன், தொடர்புடைய முகவரிகளையும் வெளியிட்டது. சுவடும் தெரிந்தது, பெயரும் தெரிந்தது. ஆயின் அந்நாட்டின் எல்லைக்குள் சென்று சாவியைக் கைப்பற்றும் ஆற்றல் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

ஆகவே, களவுபோன பணம் மீள்வதற்குச் சுவடு, பெயர், அவ்விரண்டையும் இணைக்கும் நியாயமான அதிகாரம் ஆகிய மூன்றும் வேண்டும். மணிலாவில் மூன்றாவது தவறியது. பிட்பினெக்ஸ் விடயத்தில் அது நீதிமன்ற ஆணையின் வடிவில் வந்தது. அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் சட்டம் எவருக்கும் திறவாத கதவாக இருப்பின் அது கள்வனின் அரணாகும். கதவே இல்லாத பேரேடு குடிமகனின் வாழ்வைச் சந்தையில் விரித்துவைப்பதாகும். கதவும் வேண்டும், காரணம் காட்டித் திறக்கும் முறையும் வேண்டும். மான்ஸ்பீல்ட் சுவட்டைத் துண்டித்தபோது, யாருடைய இழப்பை யார் தாங்குவது என்பதை வெளிப்படையாகவே தீர்மானித்தார். இன்று அத்தீர்மானம் நிரல் எழுதுவோராலும் மாற்றுத் தளம் நடத்துவோராலும் அறிவிப்பின்றியே எடுக்கப்படுகின்றது. அதனை மீண்டும் பொதுமன்றத்துக்குக் கொண்டுவருதலே இக்காலத்தின் கடமை எனலாம்.